மூன்றாம் எண் கூண்டு

துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றிய மதியம்
புதுப்பாளையத்து மாடியில்
நான் பந்தலை இறக்கினேன்.
ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னவர்கள்
ஐப்பசிக் கடைசியில் எங்கே ஒளித்துவைப்பது என்று
சொல்லாமலே போய்விட்டார்கள்.

முழங்கால் உயரம் விட்டு
மேலே எல்லாம் கத்தரிக்கோலுக்கு.
நாலு மாதம் ஏறியது
நாலு நிமிஷத்தில் தரையில்.
சிறகவரையில் அன்றுதான்
நீலமாக ஒன்று பூத்திருந்தது.
அதையும்தான்.

புடலையை விட்டுவிட்டேன்.
வயதாகிவிட்டது, அடியிலையெல்லாம் பழுப்பு.
விதைக்கென்று முற்றவிட்ட ஒரு காயை மட்டும்
அறுத்துக்கொண்டு
கொடியிடம் ஒன்றும் சொல்லாமல் வந்தேன்.
பிரண்டையை யாரும் தூக்கவில்லை.
அது தன்னைப் பார்த்துக்கொள்ளும்.

"உழவர் சந்தையில் கூறு பத்து ரூபாய்.
அதுக்குக் குளியலறையக் கொடுக்கணுமா?"
படி வளைவில் பெயின்ட் வாளியின் மறுபக்கம்
பிடித்தபடி இருதயராஜ் கேட்டபோது
கைப்பிடி அறுந்தது.
மண் ஏழு படிக்கும் உருண்டது.
கூட்டி அள்ளியது அவர்தான்.

ஆறு வாளிகள்.
கோவைக்குக் குழாயடி,
பாகலுக்குச் சோப்புத் திட்டு,
சிறகவரை துண்டுக்கம்பியோரம்.

ஒன்பது மணிக்கு மின்சாரம் போனது.
காற்று யார் வீட்டுத் தகரத்தையோ
விடியும்வரை தெருவில் இழுத்துக்கொண்டு திரிந்தது.
கெடிலம் பாலத்தைத் தொட்டுவிட்டதாக
ஒரு செய்தி, தொடவில்லை என்று ஒரு செய்தி,
பிறகு போனில் சார்ஜ் இல்லை.

காலையில் எதிர்வீட்டு முருங்கை
கம்பிமேல் படுத்திருந்தது.
குடிதண்ணீர் கேட்டு வந்த மகபூப் பாஷா
உள்ளே எட்டிப் பார்த்து
"என்னம்மா இது, ஐ.சி.யூ.வா?" என்று சிரித்தார்.
போனவர் அரைமணியில் திரும்பினார்,
இடுப்பில் ஒரு வெற்றிலைத் தொட்டி.
"ஒரு ஓரமாக…"

ஏழு வாளிகளோடு குளித்தோம் அந்த வாரம்.
கோவையின் பக்கம் முதுகைக் காட்டி நின்றதாக
இருதயராஜ் பிறகு ஒப்புக்கொண்டார்.
மூன்றாம் நாளே வெளுத்த தளிர்கள்
வென்டிலேட்டரின் கண்ணாடிப் பட்டைகளைப் பார்த்து
ஒரே பக்கம் சாய்ந்திருந்தன,
வராத பேருந்துக்குக் கழுத்தை நீட்டுகிறவர்கள் போல.

ஐந்தாம் நாள் மின்சாரம்.
ஆறாம் நாள் வெயில்.
அவசரப்பட்டு மாடிக்கு ஏற்றியது என் தப்பு.
இருட்டில் பிறந்த இலை
அந்த ஒரு மதியத்தில் காகிதமாகிவிட்டது.
பிறகுதான் புத்தி வந்து
பழைய வேட்டியைக் கட்டி நிழல் செய்தேன்.
காலை இரண்டு மணிநேரம், அடுத்த நாள் மூன்று.
பாகல் அதற்குள் போய்விட்டது.
அதன் வாளியில் இப்போது துணி ஊறுகிறது.

கோவை மட்டும் கிளம்ப மறுத்தது.
குழாயின் கழுத்தைச் சுற்றி
ஸ்பிரிங் போல ஐந்து சுற்று.
பிரிக்கப் பார்த்தேன், வரவில்லை.
கொடியின் பக்கம் வெட்டிவிட்டு
சுருளை அங்கேயே விட்டேன்.

மார்கழிப் பனியில் இலைக்கு வெள்ளைப் பூச்சு.
புளித்த மோரைத் தண்ணீராகக் கரைத்துத் தெளித்தேன்,
விடிகாலை, காதில் துண்டு கட்டிக்கொண்டு.
பந்தல் இல்லாத கம்பத்தில்
கிறிஸ்துமஸ் ஸ்டார் தொங்கியது.
அதன் அடியில் சிறகவரை
வெறும் குச்சி.
தூக்கிப் போடு என்றார்கள் வந்தவர்கள்.
நகத்தால் ஒரு மயிரிழை கீறினேன்.
உள்ளே பச்சை.
யாரிடமும் சொல்லவில்லை.

தை பத்துக்கு மேல்தான் அது
கணுவில் ஒரு புள்ளி விட்டது,
அரிசிமுனை அளவு.
சாயங்காலம் பந்தலை ஏற்றினோம்.
துறைமுகத்தில் கூண்டை எப்போது இறக்கினார்கள் என்று
கவனிக்கவே இல்லை.

வெற்றிலை மட்டும் மேலே வரவில்லை.
குளியலறை அதற்குப் பிடித்துவிட்டது,
ஈரமும் அரை வெளிச்சமும்.
தினமும் சாப்பாடான பிறகு
மகபூப் பாஷா வாசலில் நின்று
"உள்ளே யாரும் இல்லையே?" என்று கேட்கிறார்.
நாலு இலை கிள்ளி,
காய்ந்த சுருளோடு சேர்த்தே குழாயைத் திருகி,
கழுவி,
மடித்துக்கொண்டு போகிறார்.